இருபதாம் தேதிச் சண்டை

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

"எனக்கு வயது 38. திருமணமாகி 14 வருடம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. கணவர் விற்பனை வேலையில் இருக்கிறார். நிலையான சம்பளம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் கமிஷன். எட்டு மாதமாகக் கமிஷன் விழுந்து, அவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நான் பகுதி நேர வேலைக்குப் போகிறேன். முன்பு மொத்த வருமானத்தில் அவருடையது முக்கால், என்னுடையது கால். இருந்த சேமிப்பு நான்கு மாதத்தில் கரைந்தது. மாதா மாதம் 20-ஆம் தேதிக்குள் கை காலியாகிவிடுகிறது, அன்றைக்கே சண்டையும் தொடங்கிவிடுகிறது. நான் வாயைத் திறந்தாலே, 'உனக்கு எப்பவும் காசுப் பேச்சுதான்' என்று எழுந்து போய்விடுகிறார். போன மாதம் அவருடைய கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் தற்செயலாகக் கண்ணில் பட்டது. பாக்கியைப் பார்த்து ஆடிப்போய்விட்டேன். அதில் ஒரு பகுதி, கார்டில் பணம் எடுத்து என்னிடம் சொல்லாமல் தன் தம்பிக்குக் கொடுத்தது. இனிமேல் அவரவர் பணம் அவரவரிடம் என்று சொல்லிவிடலாமா? மகள் வேறு, 'நாம ஏழை ஆயிட்டோமாம்மா?' என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?"

அன்புள்ள வாசகிக்கு,

கணக்கைப் பிரிப்பதா வேண்டாமா என்ற கேள்விக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சண்டை 20-ஆம் தேதி தொடங்குகிறது என்கிறீர்கள். அதாவது பணத்தைப் பற்றி நீங்கள் இருவரும் பேசுவதே அது தீர்ந்த பிறகுதான். அப்போது பேசி முடிவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. யாரால் தீர்ந்தது என்பதைத் தவிர வேறு பேச்சுக்கு அங்கே இடமில்லை.

தமிழ்நாட்டில் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நாட்களிலும், அறுவடைக்குப் பின் பணம் வந்த நாட்களிலும் அதே ஆட்களுக்கு யோசிக்கும் திறனைச் சோதிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். முன்னால் செய்ததைவிடப் பின்னால் தெளிவாகச் செய்தார்கள். நெருக்கடி நாளில் மனசு முழுக்க அந்த நெருக்கடியே அடைத்துக்கொள்கிறது. மற்ற விஷயத்துக்கு இடமில்லாமல் போகிறது. உங்கள் வீட்டில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆகவே முதல் மாற்றம் ரொம்பச் சின்னது: பணப் பேச்சை 20-ஆம் தேதியிலிருந்து எடுத்து, வருமானம் கைக்கு வந்த மூன்று நாளுக்குள் வையுங்கள். மாதக் கடைசியில் புதிதாக எந்த முடிவும் எடுப்பதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கட்ட வேண்டியதைக் கட்டுவது மட்டும்தான்.

பேச உட்காரும் முன் ஒரு தாள் தயாராக வேண்டும். பட்ஜெட் போடச் சொல்லவில்லை. 'உணவு இவ்வளவு, போக்குவரத்து இவ்வளவு' என்று எழுதிய தாள் எத்தனையோ வீடுகளில் இழுப்பறைக்குள் தூங்குகிறது. உங்களுக்கு வேண்டியது தேதித் தாள். ஒரு பெரிய தாளில் 31 கட்டம் போடுங்கள். பணம் உள்ளே வரும் நாளில் தொகையைப் பச்சையில் எழுதுங்கள், வெளியே போகும் நாளில் சிவப்பில். வாடகை, கடன் தவணை, மின் கட்டணம், பள்ளிக் கட்டணம், போன், பெற்றோருக்கு அனுப்புவது, கார்டின் கடைசித் தேதி, எல்லாம். பிறகு ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் அன்று கையில் எவ்வளவு மிஞ்சும் என்று பென்சிலால் எழுதிக்கொண்டே வாருங்கள். எந்தக் கட்டத்தில் அது பூஜ்யத்துக்குக் கீழே போகிறதோ அதுதான் உங்கள் பிரச்சினையின் முகவரி.

பல வீடுகளில் இந்தத் தாளைப் பார்த்ததுமே ஒன்று புலப்படும்: சிவப்பெல்லாம் மாதத்தின் முதல் பத்து நாளில் குவிந்திருக்கும், கமிஷன் மட்டும் மாதக் கடைசியில் வந்து நிற்கும். பணம் போதாதது ஒரு பங்கு, தேதி பொருந்தாதது இன்னொரு பங்கு. பின்னதைச் சரிசெய்யக் காசு வேண்டாம். கடன் கொடுத்த நிறுவனத்திடம் தவணைத் தேதியை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் கேட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

அதே தாளில் இன்னும் இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். ஒன்று, தவணைகள் போக மிஞ்சியதை நான்கால் வகுத்து வாரச் செலவு வைப்பது. 30 நாளில் நான்கு வாரமும் இரண்டு நாளும் இருக்கின்றன, 31 நாளில் மூன்று நாள் அதிகம். மாதக் கடைசியில் அந்த இரண்டு மூன்று நாளுக்குத்தான் கடன் வாங்குகிறோம். ஐந்தாக வகுத்து வையுங்கள். ஐந்தாவது பங்கு அந்த நாட்களைத் தாங்கும், மிஞ்சினால் அடுத்த மாதத்துக்கு. இன்னொன்று, வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளைத் 'திடீர்ச் செலவு' என்று சொல்வது. காப்பீட்டுப் பிரீமியம், பள்ளி திறக்கும் மாதச் செலவு, வண்டிப் பராமரிப்பு, இவையெல்லாம் வரும் தேதி நமக்கு நன்றாகவே தெரியும். வருட மொத்தத்தைப் 12-ஆல் வகுத்து மாதச் சிவப்பில் சேர்த்துவிடுங்கள். முழுதாக எடுத்து வைக்க முடியாவிட்டாலும் எண் தாளில் இருக்கட்டும்.

உங்கள் கணவரின் கமிஷனுக்குச் சராசரி போடாதீர்கள். கடந்த ஆறு மாதத்தில் மிகக் குறைவாக வந்த மாதம் எதுவோ அந்தத் தொகையைப் பச்சையில் எழுதுங்கள். சராசரியை நம்பினால் பாதி மாதங்களில் துண்டு விழும், துண்டு விழும் ஒவ்வொரு மாதமும் அவர் உங்கள் முன் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். குறைந்ததை வைத்துத் திட்டமிட்டால், கூட வரும் மாதம் அவர் நிமிர்ந்து வருவார். இது கணக்குக்கும் நல்லது, தாம்பத்தியத்துக்கும் நல்லது.

இப்போது உங்கள் வீட்டு எண்கள். நீங்கள் எழுதியதை வைத்து, பழைய மொத்த வருமானத்தை 100 பங்கு என்று கொள்வோம். அவருடையது 75, உங்களுடையது 25. அவருடையதில் மூன்றில் ஒன்று போனால் 50. ஆக இன்றைய வரவு 75. செலவை நீங்கள் எழுதவில்லை. கொஞ்சம் சுருக்கியிருப்பீர்கள், 92 என்று வைப்போம். மாதத் துண்டு 17. நான்கு மாதத்தில் 68 பங்கு சேமிப்பு கரைந்திருக்கும். அடுத்த நான்கு மாதத்தில் இன்னொரு 68 எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். எங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அந்த ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பார்த்தால் அதில் பெரும்பகுதி உங்கள் வீட்டுச் செலவாகவே இருக்கும் என்பது என் ஊகம். தம்பிக்குக் கொடுத்தது தனிக் குற்றம், அதற்கு வருகிறேன். மற்றது குற்றமே இல்லை. வருமானம் குறைந்ததை வீட்டார் உணராதபடி ஒரு மனிதர் கார்டை வைத்து ஓட்டியிருக்கிறார். மறைத்தது தவறு. ஆனால் அவர் 'காசுப் பேச்சு' என்று எழுந்து போவது அலட்சியத்தால் என்று நீங்கள் படித்திருந்தால், இந்த எண்களை வைத்து இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பேச்சு நீண்டால் கார்டு வெளியே வந்துவிடும் என்ற பயமும் அங்கே இருந்திருக்கலாம். நீங்கள் துரத்தத் துரத்த அவர் ஒதுங்குகிறார், அவர் ஒதுங்க ஒதுங்க நீங்கள் துரத்துகிறீர்கள். இருவருமே 'அவங்கதான் ஆரம்பிச்சாங்க' என்று நம்புவீர்கள், இருவர் சொல்வதும் பாதி உண்மையாக இருக்கும்.

கார்டு எப்படித் தின்கிறது

கார்டுப் பாக்கிக்கு மாத வட்டி 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடக் கணக்கில், வட்டிக்கு வட்டியோடு, அது ஏறக்குறைய 42.6 சதவீதம். 100 பாக்கி இருக்கிறது, மாதா மாதம் குறைந்தபட்சத் தொகை மட்டும், பாக்கியில் 5 சதவீதம், கட்டுகிறீர்கள், புதிதாக ஒன்றும் வாங்கவில்லை என்றே வையுங்கள். ஒரு வருடத்தில் நீங்கள் கட்டியது 55. பாக்கி குறைந்தது 23. மீதி 32 வட்டிக்குப் போயிற்று. 'மாசா மாசம் கட்டிட்டுத்தான் இருக்கேன்' என்று அவர் சொன்னால் அது பொய்யாக இருக்காது. கட்டுகிறார், குறையவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. பழைய பாக்கி இருக்கும் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் பெரும்பாலும் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டில் ரொக்கம் எடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம், வட்டியும் பொதுவாக அன்றைக்கே தொடங்கிவிடும். தம்பிக்குக் கொடுத்தது இந்த வகை. அதனால் முதல் வேலை, அந்தக் கார்டை வாங்கும் வேலையிலிருந்து நிறுத்திவிடுவது. கடைத் தளங்களிலும் போன் செயலிகளிலும் பதிந்து வைத்திருக்கும் கார்டு எண்ணை அழியுங்கள், தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்களை நிறுத்துங்கள். கார்டைக் கத்திரிக்கோலால் வெட்டினால் மட்டும் எண் போய்விடாது.

பிறகு துண்டு. 17-உம், கார்டில் ஏறியிருக்கக்கூடிய 68-க்கு மாத வட்டி 2-உமாகச் சேர்ந்து 19. இதைச் சின்னச் செலவுகளைக் குறைத்து அடைக்க முடியாது. உண்மையில் குடும்பங்கள் கசந்துபோவது இங்கேதான். 4 பங்கு செலவாகும் ஒன்றைப் பாதியாகக் குறைத்தால் 2 மிஞ்சும். அந்த 2-க்காகத் தினமும் ஒருவரை ஒருவர் கண்காணித்து, விளக்கை அணைக்கவில்லை, அதை ஏன் வாங்கினாய் என்று முப்பது நாளும் உரசுவீர்கள். பெரிய மூன்று இடங்களைத் தொடாமல் 19 வராது: குடியிருக்கும் செலவு, கடன் தவணை, சம்பாதிக்கும் நேரம்.

தவணையை எடுத்துக்கொள்வோம். மாதம் 1 சதவீத வட்டியில் 100 கடனை 36 மாதத்தில் கட்டினால் தவணை 3.32. அதையே 60 மாதமாக நீட்டினால் 2.22. மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் மொத்த வட்டி 20-லிருந்து 33-ஆக ஏறும். விலை கொடுத்து மூச்சு வாங்குகிறோம். இப்போது உங்களுக்கு அது தகும், வருமானம் திரும்பியதும் முன்கூட்டிக் கட்டி முடிக்க அபராதம் உண்டா என்று மட்டும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். தவணை ஒன்று தவறுவதற்கு முன்பே போய்க் கேட்பது முக்கியம். தவறிய பிறகு போனால் பேச்சின் தொனியும் மாறும், கிடைக்கும் வழிகளும் குறையும்.

உங்கள் வேலை நேரத்தைக் கூட்ட முடிந்தால் அதுவும் ஒரு வழி. 25 பங்கு 37 ஆகலாம். அந்த 12-இல் பயணச் செலவு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு இரண்டையும் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பாருங்கள். கூடவே ஒரு நிபந்தனையை இப்போதே பேசிக்கொள்ளுங்கள்: நீங்கள் வெளியே கூடுதலாகப் போகும் மணி நேரங்களுக்கு வீட்டு வேலையில் எதை அவர் எடுத்துக்கொள்வார் என்று. 'உதவி செய்றேன்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. மகனைப் பள்ளிக்கு அனுப்புவது அவர், இரவுப் பாத்திரம் அவர் என்று பெயர் சொல்லி. இதை விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் பணச் சண்டை போய் களைப்புச் சண்டை வந்துவிடும்.

எல்லாவற்றையும் கட்ட முடியாத மாதம் வரும். அப்போது யார் அதிகம் போன் செய்து மிரட்டுகிறார்களோ அவர்களுக்கு முதலில் கட்டிவிடுகிறோம், அது தப்பு. வீடு, உணவு, மருந்து, மின்சாரம், தண்ணீர், வேலைக்குப் போக வேண்டிய செலவு முதலில். அடுத்து, தவறினால் வீட்டையோ வண்டியையோ எடுத்துக்கொள்ளக்கூடிய அடமானக் கடன்கள். அதன்பின் மற்றவை, அதில் வட்டி அதிகமானதற்குக் கூடுதலாக. வேறொருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன் ஏதாவது இருந்தால் அவருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

உட்கார்ந்து பேசுவது

முதல் சந்திப்புக்கு 25 நிமிடம் போதும். பசியோடு வேண்டாம், தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம், படுக்கையறையில் வேண்டவே வேண்டாம். எதிரெதிரே உட்காராமல் தாளை முன்னால் வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். பார்வை முகத்தில் இல்லாமல் தாளில் இருந்தால் பேச்சு கொஞ்சம் இளகும். முதல் நாள் எந்த முடிவும் எடுக்காதீர்கள், எண்களைச் சரிபார்ப்பதோடு எழுந்துவிடுங்கள்.

எப்படித் தொடங்குகிறீர்கள் என்பதில் நிறைய இருக்கிறது. கருத்து வேறுபாட்டைப் பற்றிப் புதுமணத் தம்பதிகள் பேசுவதைப் பதிவுசெய்து, அவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த சிபில் கரேர், ஜான் காட்மன் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சின் முதல் மூன்று நிமிடமே யார் பின்னால் பிரிந்தார்கள் என்பதைக் கணிசமாகக் காட்டிக்கொடுத்தது. குற்றச்சாட்டோடு தொடங்கிய பேச்சு குற்றச்சாட்டிலேயே முடியும்.

'நீங்க எப்பவுமே எங்கிட்ட மறைக்கிறீங்க, இந்த மாசமும் கரண்டு பில்லுக்குக் காசில்ல' என்று தொடங்கினால் அவர் காதில் விழுவது 'எப்பவுமே' மட்டும்தான். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'கரண்டு பில்லு 12-ஆம் தேதி. கையில இருக்கிறது அதுக்குப் பாதிதான். எனக்குப் பயமா இருக்குங்க. எதைத் தள்ளிப்போடலாம்னு ரெண்டு பேரும் பார்க்கலாமா?' தேதி, தொகை, உங்கள் மனநிலை, ஒரு கேள்வி. நான்கும் இருக்கின்றன, அவருடைய குணம் அதில் இல்லை.

இதயம் படபடக்கிறது, குரல் ஏறுகிறது என்றால் நிறுத்துங்கள். ஆத்திரம் ஏறிய உடம்பு அடங்க 20 நிமிடமாவது வேண்டும். நிறுத்துகிறவர் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்: 'எட்டரைக்கு வந்து உட்காரறேன்.' நேரம் சொல்லாமல் எழுந்து போவதைத்தான் நீங்கள் இத்தனை நாள் அனுபவித்தீர்கள். அந்த இடைவேளையில் மனசுக்குள் வசனம் தயார் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் 20 நிமிடமும் வீண்.

மறைத்த கடனுக்குத் தனி நாள் வேண்டும். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள், அவர் தனியாக உட்கார்ந்து எழுதட்டும். யாரிடம் வாங்கியது, அசல், வட்டி, கட்ட வேண்டிய தேதி, ஜாமீனோ அடமானமோ உண்டா, வேறு யாருக்குத் தெரியும். நண்பர்களிடம் கைமாற்றாக வாங்கியது, அலுவலகத்தில் முன்பணம், போன் செயலியில் எடுத்த சில்லறைக் கடன் எல்லாம் அதில் வர வேண்டும். நம்பிக்கையை உடைப்பது பெரும்பாலும் முதல் தொகை இல்லை. 'இவ்வளவுதான்' என்று சொன்ன பிறகு மூன்றாம் வாரம் வெளியே வரும் இன்னொன்றுதான். அதனால் ஒரே தடவையில் முழுசாக வர வேண்டும் என்பது அவர் பொறுப்பு. உங்கள் பொறுப்பும் ஒன்று உண்டு: அன்று மாலை தகவல் கேள்வி தவிர வேறு எதுவும் கேட்பதில்லை. 'எப்ப எடுத்தீங்க, வட்டி எவ்வளவு' கேட்கலாம். 'எப்படி மனசு வந்துச்சு' என்பதற்கு இரண்டு நாள் பொறுங்கள். கேட்காமல் விழுங்கச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே கேட்டால் பட்டியலின் கடைசி இரண்டு வரி அவர் வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

அதற்குப் பிறகு ஒரு வரம்பு எழுதுங்கள். மாத வரவில் 2 சதவீதத்துக்கு மேல் போகும் எந்தச் செலவும், எந்தக் கடனும், யாருக்குக் கொடுக்கும் எந்த உதவியும் இருவரும் பேசிய பிறகே. அதோடு ஆளுக்கு 1 சதவீதமாவது, கணக்குக் கேட்கப்படாத கைச்செலவு. நெருக்கடியில் இது எதற்கு என்று தோன்றும். இது இல்லாத வீட்டில் ஒவ்வொரு சில்லறைக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், விளக்கம் சொல்லக் கூசுகிறவர் மறைக்கப் பழகுவார். சில்லறையில் பழகியது பெரிய தொகையிலும் வரும்.

தம்பிக்குக் கொடுத்த பணம்

அது திரும்பி வராது என்று வைத்துத் தேதித் தாளைப் போடுங்கள். வந்தால் நேராகக் கார்டுக்குப் போகட்டும். கேட்கக் கூடாது என்று அர்த்தமில்லை. கேட்க வேண்டியவர் உங்கள் கணவர், நீங்கள் அல்ல. தன் பக்கத்து உறவிடம் தானே பேசுவது என்பதை இருவருக்கும் பொதுவான விதியாக வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிறந்த வீட்டுக்கும் அதுவே. கேட்கும்போது, 'முடிஞ்சப்ப குடு' என்று விடாமல், 'மாசம் இவ்வளவு, எந்தத் தேதிக்கு அனுப்புவ?' என்று கேட்டு, பேசியதை அன்றே ஒரு செய்தியாகவும் அனுப்பிவிடட்டும். கார்டில் எடுத்த பணம், அதற்கு வட்டி ஓடுகிறது என்பதையும் தம்பியிடம் சொல்லட்டும். பல நேரம் வாங்கியவருக்கு அது தெரிவதே இல்லை, அண்ணன் கையில் இருந்த பணம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இனி யார் கேட்டாலும் இருவர் வாயிலும் ஒரே பதில் வர வேண்டும்: 'வீட்ல பேசிட்டு நாளைக்குச் சொல்றேன்.' மறுநாள் முடியாது என்றால், 'எங்களால இப்ப முடியல' என்று சொல்லுங்கள். 'அவ ஒத்துக்கல' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் உங்கள் பெயர் அந்தக் குடும்பத்தில் பல வருடத்துக்குக் கெடும், அவர் மட்டும் நல்லவராகத் தப்பிப்பார். இதை அவரிடம் நேராகவே சொல்லலாம்.

பெற்றோருக்கு மாதம் அனுப்புகிறீர்கள் என்றால் அதைக் குறைக்கும் முடிவை அனுப்பும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள். குறைந்தாலும் சொன்ன தொகை சொன்ன தேதியில் போகட்டும். ஒரு மாதம் முழுதாகவும் அடுத்த மாதம் ஒன்றுமில்லாமலும் அனுப்புவது அவர்களுடைய கணக்கையும் சேர்த்துக் கலைக்கும்.

இப்போது உங்கள் நேரடிக் கேள்வி. அவரவர் பணம் அவரவரிடம் என்பதை இந்த நேரத்தில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புதிதாக மணமான அல்லது மணம் நிச்சயமான 230 ஜோடிகளைச் சிலர் பொதுக் கணக்கும் சிலர் தனிக் கணக்கும் வைக்கும்படி பிரித்து இரண்டு வருடம் கவனித்த ஆய்வு 2023-இல் வெளியானது. பொதுக் கணக்கு வைத்தவர்களின் உறவு மற்றவர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தது. ஆனால் அவர்கள் புதிய ஜோடிகள், உங்கள் வீட்டில் ஒரு மறைப்பு நடந்திருக்கிறது. அதனால் நடுவில் ஒரு ஏற்பாடு: மாதச் சிவப்பு முழுவதும் போகும் ஒரு பொதுக் கணக்கு, இருவர் போனிலும் அதன் குறுஞ்செய்தி வரட்டும், கைச்செலவுக்கு ஆளுக்கொரு தனிக் கணக்கு. இன்றைய வரவு 50-உம் 25-உம். பொதுக் கணக்குக்கு அதே இரண்டுக்கு ஒன்று விகிதத்தில் போடுங்கள். பாதிப் பாதி என்று வைத்தால் உங்கள் பகுதி நேரச் சம்பளம் முழுவதும் போயும் போதாது. தேதித் தாளை எழுதும் வேலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கை மாற்றுங்கள், ஒருவரே எழுதினால் அவர் கணக்குப்பிள்ளை, மற்றவர் குற்றவாளி என்றாகிவிடும்.

ஒரு விதிவிலக்கு. சூதாட்டமோ ஆன்லைன் பந்தயமோ இருந்தால், உங்கள் சம்பளத்தைப் பிடுங்கினால், உங்கள் பெயரில் உங்களுக்குத் தெரியாமல் கடன் வாங்கினால், கை நீட்டினால், மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அப்போது உங்கள் சம்பளக் கணக்கையும் அடையாள ஆவணங்களையும் உங்கள் கையில் வைத்துக்கொண்டு வெளியாள் உதவியை நாடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

தெரியாத வேறொன்றைக் கேட்கிறேன். அவர் தூங்குகிறாரா? நண்பர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டாரா? 'நான் இல்லாட்டி இன்சூரன்ஸ் பணமாச்சும் வரும்' என்பது மாதிரி விளையாட்டாகவேனும் எப்போதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். ஆம் என்றாலோ மழுப்பினாலோ அவரைத் தனியே விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தாளும் கார்டும் காத்திருக்கும்.

மகளுக்கு வருவோம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 451 கிராமப்புறக் குடும்பங்களை 1989-லிருந்து தொடர்ந்து கவனித்த ராண்ட் காங்கர் குழுவினர் கண்டது: பண நெருக்கடி பிள்ளைகளைத் தாக்குவது பெரும்பாலும் பெற்றோர் வழியாக. பெற்றோரின் மனச்சோர்வு, அவர்களுக்குள் சண்டை, அதனால் பிள்ளைகளிடம் காட்டும் சிடுசிடுப்பு. ஆக நீங்கள் வாங்கித் தராமல் போன பொருளைவிட மூடிய கதவுக்குப் பின்னால் கேட்கும் குரல்தான் அவளுக்குப் பெரிது. 12 வயதுப் பெண்ணிடம் 'ஒண்ணுமில்லடா' என்றால் நம்ப மாட்டாள், நீங்கள் சொல்லாததை அவளே கற்பனை செய்துகொள்வாள்.

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். என்ன மாறியிருக்கிறது, எது மாறாது, நாங்கள் என்ன செய்கிறோம், அவ்வளவு போதும். 'அப்பாவுக்கு வேலை இருக்கு, ஆனா இப்ப வருமானம் கொறஞ்சிருக்கு. வீடு, சாப்பாடு, ஸ்கூலு எதுக்கும் குறை வராது. சில விஷயத்தைத் தள்ளிப்போடுறோம், உன் டூரும் அதுல இருக்கு. எப்படிச் சமாளிக்கிறதுன்னு நானும் அப்பாவும் கணக்குப் போட்டுட்டிருக்கோம்.' மாறாது என்று சொல்வதை உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள், பள்ளி மாற்றம் யோசனையில் இருந்தால் ஸ்கூலைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். கடன் தொகை அவளுக்கு வேண்டாம், சித்தப்பா விஷயம் வேண்டவே வேண்டாம். 'அப்பாகிட்ட போய்க் கேளு, காசு வச்சிருக்காரான்னு' என்று அவளைத் தூது அனுப்பாதீர்கள். 7 வயதுக்காரனுக்கு 'இந்த மாசம் வாங்கல, அடுத்து பார்க்கலாம்' என்றால் போதும். ஆனால் அதை யார் சொன்னாலும் மற்றவர் பின்வாசல் வழியாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

இந்தப் பதிலை அவரிடம் காட்டலாம். அவர் தனியாக இருக்கும்போது படிக்கக் கொடுங்கள், எந்த வரியின் கீழும் கோடு போடாமல். அடுத்த வருமானம் வரும் நாளைப் பார்த்து அதிலிருந்து மூன்று நாளுக்குள் ஒரு மாலையை இருவருமாகக் குறித்துக்கொள்ளுங்கள். 31 கட்டத் தாளில் முதல் எண்ணை அவர் எழுதட்டும், கமிஷன் மிகக் குறைவாக வந்த அந்த மாதத்தின் தொகையை. அதை எழுதும்போது நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள், உங்கள் சம்பளத்தை அடுத்த கட்டத்தில் எழுதுங்கள்.